மொரீஷியஸ்: வேட்புமனுவில் சமூகம் கேட்பது இனியும் தேவையா?

கடலோடி:
மொரீஷியஸில் தேர்தலில் நிற்பவர் தான் எந்தச் சமூகம் என்று வேட்புமனுவில் எழுத வேண்டும். இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர். இந்த மூன்றிலும் சேராதவர் எல்லோரும் ‘பொது மக்கள்’. 62 பேர் ஓட்டு வாங்கி ஜெயித்த பிறகு, தோற்றவர்களில் 8 பேர் வரை சமூகக் கணக்குப் பார்த்து உள்ளே எடுக்கிறார்கள். இதற்குப் பெயர் பெஸ்ட் லூசர் முறை. இது என்ன குடியுரிமை? தூக்கிப் போடுங்கள்.

தென்றல்:
எதற்காக வந்தது என்று பார்த்துவிட்டுத் தூக்கிப் போடலாமே. 1967 தேர்தலில், விடுதலை வேண்டாம் என்ற கட்சிக்கு 40 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. இந்துப் பெரும்பான்மையிடம் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். 1968 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயிஸில் கலவரம், மார்ச்சில் சுதந்திரம். அந்தப் பயத்துக்குக் கொடுத்த உத்தரவாதம்தான் இந்த 8 இடம்.

கடலோடி:
சரி, எந்தக் கணக்கை வைத்து? 1972 கணக்கெடுப்பு! அப்புறம் கணக்கெடுப்பில் சமூகம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அன்று பிறக்காதவர்களுக்கும் அன்றைய விகிதத்தில்தான் பங்கு. சமூகத்தைச் சொல்ல மறுத்தவர்களின் மனுவைத் தள்ளியது உரிமை மீறல் என்று 2012-இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவே சொன்னது. 2014-இல் சொல்லாமலும் நிற்கலாம் என்று சட்டம் போட்டார்கள், அதுவும் அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும். இன்னொன்று: அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கிரியோல்களும் பிரெஞ்சு வம்சாவளிக்காரர்களும் ஒரே ‘பொது மக்கள்’. யாருக்கு உத்தரவாதம்?

மரிக்கொழுந்து:
தமிழர்களும் அப்படித்தானே, ‘இந்து’வுக்குள் போய்விட்டார்கள். 1998-இல் வந்த புது ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியை அச்சடித்தார்கள். தமிழர்கள் கொதித்தெழவே அதைத் திரும்பப் பெற்று, பழையபடி தமிழை மேலே வைத்து அச்சடித்தார்கள். அதை வாங்கிக் கொடுத்தது ஒதுக்கீடு இல்லை, போராட்டம்.

தென்றல்:
போராட ஆள்பலம் உள்ளவர்களுக்கு அது சரி. சீன மொரீஷியர் கைப்பிடி அளவு. எந்தத் தொகுதியில் அவர்களால் தனியாக ஜெயிக்க முடியும்? முதலில் கட்சி வாங்கும் ஓட்டு விகிதத்துக்கேற்ப அதன் பட்டியலிலிருந்து ஆட்களை எடுக்கும் விகிதாசார முறையைக் கொண்டுவாருங்கள், பிறகு இதை எடுங்கள்.

கடலோடி:
விகிதாசாரப் பட்டியலைப் போடப்போவது கட்சித் தலைமைதானே? சிறுபான்மையினர் பெயரைக் கடைசியில் தள்ளினால் என்ன செய்வீர்கள்?

தென்றல்:
அதனால்தான் அதுவரை இந்த 8 இடத்தில் கைவைக்க வேண்டாம் என்கிறேன். 1972 கணக்குதான் பிரச்சினை என்றால் புதிதாக எண்ணச் சொல்லுங்கள்.

கடலோடி:
எண்ணவே கூடாது என்பதுதான் என் கட்சி.