அரண்மனைக்காரத் தெருவில் இருந்த கொள்ளுத்தாத்தா வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: அம்பத்தூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவைப் பெற்ற பாட்டி ஈராண்டுகளுக்கு முன் தம் 94ஆம் வயதில் காலமானார். காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே மூப்படைந்தவர் என்றாலும், தாம் பிறந்து பன்னிரண்டு வயது வரை வளர்ந்த சென்னை வீட்டைப் பற்றியே கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பயத்தில் குடும்பமே காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டது. பிறகு திரும்பவே இல்லை. வீடு என்ன ஆனது என்று இப்போது சொல்வதற்கு எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

வீடு அரண்மனைக்காரத் தெருவில் இருந்தது என்பார் பாட்டி. பெரிய திண்ணை, நீண்ட ரேழி, முற்றத்தில் உப்புத் தண்ணீர்க் கிணறு. இரவில் மொட்டை மாடியில் படுத்தால் தலைக்கு மேல் ஒரு வெளிச்சம் சுற்றிச் சுற்றிப் போகுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் மணி கேட்குமாம். அவருடைய அப்பா கடற்கரையோரம் இருந்த ஒரு கம்பெனிக்கு நடந்தே வேலைக்குப் போய்வந்தார். சென்னையில் அரண்மனை என்றால் சேப்பாக்கம்தானே என்று எண்ணி, திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் பல நாள் விசாரித்துப் பார்த்தேன். அப்படி ஒரு தெருவை அங்கே ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பத்திரத்தின் கிழிந்த பக்கமும் கிடைத்தது. அதில் முத்தியாலுபேட்டை என்று இருந்ததால், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள முத்தியால்பேட்டையில் இருந்த ஏதோ நிலத்தின் காகிதம் என்று இத்தனை காலமும் ஒதுக்கி வைத்திருந்தோம். அந்த வீடு நின்ற இடத்தையாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதே என் விருப்பம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


மறுமொழி: ஏழுகிணறு வாசி

அம்மா, நீங்கள் தேட வேண்டிய இடம் சேப்பாக்கம் அன்று, பாரிமுனை. ஆங்கிலத்தில் ஆர்மீனியன் தெரு என்று எழுதப்படும் தெருவுக்குத்தான் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். ஆர்மீனிய வணிகர்கள் வாழ்ந்த தெரு அது; அவர்களுடைய இனப்பெயர் நம் மக்கள் வாயில் அரண்மனைக்காரர் என்று திரிந்து, அப்படியே நிலைத்துவிட்டது. அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. தம்புச் செட்டித் தெருவுக்கும் பிராட்வே எனப்பட்ட இன்றைய பிரகாசம் சாலைக்கும் இடையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தொடங்கி வடக்கு நோக்கிப் போகிறது அந்தத் தெரு.

உங்கள் பாட்டி சொன்ன அடையாளங்களை இந்தத் தெருவோடு வைத்துப் பாருங்கள். மாடியில் சுற்றிப் போன வெளிச்சம் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கத்தினுடையதாக இருக்க வேண்டும். 1894 முதல் 1977 வரை அது அங்கேதான் எரிந்தது. மணியோசைக்கோ அந்த ஒரே தெருவில் இரண்டு தேவாலயங்கள் உள்ளன. ஒன்று 1772இல் எழுந்த ஆர்மீனியர் தேவாலயம். ஆறு மணிகள் கொண்ட அதன் மணிக்கூண்டு கோயிலை ஒட்டாமல் தனியே நிற்கிறது. மற்றொன்று புனித மரியன்னை இணைப் பேராலயம். கடற்கரைக் கம்பெனிகளுக்கு அங்கிருந்து நடந்து போகும் தொலைவுதான். ஒரு சிறுமியின் நினைவு இவ்வளவு துல்லியமாக ஓர் இடத்தைக் காட்டுவதைப் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது.

பழைய சென்னையில் வீடு தேடுவோர் ஒரே தெருவுக்கு இரண்டு மூன்று பெயர்கள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பவளக்காரத் தெருவும் தங்கசாலைத் தெருவும் ஆங்கிலப் பத்திரங்களில் வேறு பெயர்களில் இருக்கும். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை முன்பு சைனா பஜார் சாலை. 1970களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கியபோது மேலும் பல பெயர்கள் குறுகிப்போயின. ஜார்ஜ் டவுன் என்ற பெயரே 1911இல் வந்ததுதான்; அதற்கு முந்தைய காகிதங்களில் அந்தப் பகுதி கறுப்பர் நகரம் என்றே குறிக்கப்பட்டிருக்கும்.


மறுமொழி: ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடசென்னையில் பத்திரம் எழுதியவன். அந்தக் கிழிந்த பக்கத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். முத்தியாலுபேட்டை என்பது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை. ஜார்ஜ் டவுனின் கிழக்குப் பாதிக்கும் அதுவே பெயர். மேற்குப் பாதி பெத்துநாயக்கன்பேட்டை. அரண்மனைக்காரன் தெரு முத்தியாலுபேட்டையைச் சேர்ந்தது. ஆகவே உங்கள் கையில் இருப்பது வேறெதுவும் இல்லை, அந்த வீட்டுப் பத்திரத்தின் பக்கமாகவே இருக்கக்கூடும்.

அதில் இரண்டு செய்திகளைப் பாருங்கள். முதலாவது, சொத்து விவரத்தில் உள்ள எண்கள். சென்னை நகரப் பத்திரங்களில் கதவு எண்ணைத் தவிரப் பழைய சர்வே எண், ரீசர்வே எண் (மறு நில அளவையில் தந்த எண்), கலெக்டர் சர்டிபிகேட் எண் ஆகியவையும் எழுதப்பட்டிருக்கும். கதவு எண்ணை நம்பிப் போகாதீர்கள். மாநகராட்சி அவற்றை மாற்றியிருக்கிறது. பல தெருக்களில் இன்றும் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் போட்டால்தான் தபால் வந்து சேர்கிறது. ரீசர்வே எண் கிடைத்தால் அதைக் கொண்டு டவுன் சர்வே நிலப் பதிவேட்டில் அந்த மனையை அடையாளம் காண முடியும்.

இரண்டாவது, நான்கெல்லை. நாங்கள் செக்குபந்தி என்போம். கிழக்கே தெரு என்று இருந்தால் வீடு தெருவின் மேற்கு வாடையில், அதாவது மேற்கு வரிசையில், கிழக்குப் பார்த்த வாசலோடு இருந்தது என்று பொருள். அதன் பின்புறம் பிராட்வே பக்கத்து வீடுகளை நோக்கி இருந்திருக்கும். மேற்கே தெரு என்றால் இதற்கு நேர்மாறு. வடக்கிலும் தெற்கிலும் யாருடைய வீடு என்று எழுதியிருக்கிறதோ அந்தப் பெயர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பத்திரம் கிடைக்காமல் போனாலும், அந்த அண்டை வீட்டுக்காரர்களின் பத்திரங்களில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எல்லையாக வந்திருக்கும். நான் தேடிக்கொடுத்த பழைய வீடுகளில் பாதிக்கு மேல் இப்படி அண்டை வீட்டார் வழியாகவே அகப்பட்டன.

இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் பிற்காலத்துக்கே கிடைக்கும் என்பதால் உங்களுக்கு அது உதவாமல் போகலாம். முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பதிவேடுகளைக் கையால் புரட்டித் தேட வேண்டும். பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் 1ஆம் புத்தகத்தில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: முதலாவது அட்டவணை எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களைக் கொண்டது, இரண்டாவது அட்டவணை சொத்தின் விவரத்தைக் கொண்டது. கட்டணம் செலுத்தினால் இவற்றை யாரும் பார்வையிடலாம், படியும் பெறலாம். ஆண்டு தெரியாமல் தேடினால் செலவும் அலைச்சலும் மிகுதியாகும். 1942 முதல் 1948 வரை என்று வைத்துக்கொண்டு பெயர் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதமுடியுமோ அத்தனையையும் முன்னதாகவே எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்தக் காலத்துப் பத்திரங்கள் பலவும் ஆங்கிலத்தில் உள்ளன, ஒரே பெயர் ஒரே ஆண்டில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. வீடு உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அவருடைய தகப்பனார் எழுதிய உயிலின் மூலம் வந்திருந்தால், சென்னை நகரச் சொத்து என்பதால் அந்தக் காலத்தில் உயர் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பித்திருக்க வேண்டும். அந்த வழக்குக் கோப்பில் சொத்துப் பட்டியல் இருக்கும்.


மறுமொழி: எழும்பூர் ஆய்வு மாணவர்

முன்னவர் சொன்ன வழி சரியானதே. எனினும் ஒரு கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது: அது சொந்த வீடா, வாடகை வீடா? நம் பெரியவர்கள் குடியிருந்த வீட்டையெல்லாம் எங்கள் வீடு என்றே சொல்வார்கள், அதில் தவறும் இல்லை. வாடகை வீடு என்றால் பத்திரப் பதிவேட்டில் குடியிருந்தவர் பெயர் வராது. அப்போது பள்ளிச் சான்றிதழ், பிறப்புப் பதிவு, திருமணப் பத்திரிகை, உறவினர்களுக்கு வந்த கடிதங்களின் உறை ஆகியவற்றில் உள்ள முகவரிகளே துணை. மதராஸ்-1 என்று இருந்தால் இன்றைய 600001, மதராஸ்-5 என்றால் திருவல்லிக்கேணி, ஜி.டி. என்று மட்டும் எழுதியிருந்தால் ஜார்ஜ் டவுன்.

1942 பற்றிப் பாட்டி சொன்னது வரலாற்றோடு முழுமையாகப் பொருந்துகிறது. அந்த ஏப்ரல் மாதத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், அடுத்த நாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா துறைமுகங்களையும் தாக்கின. சென்னையிலிருந்து அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. பல்லாயிரம் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறின. சிலர் சில மாதங்களில் திரும்பினர். சிலர் கிடைத்த விலைக்கு விற்றனர். எனவே ஆவணம் அந்த ஆண்டிலேயே இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் பழைய நகர வரைபடங்களைக் கேட்டுப் பாருங்கள். கோயில்களும் சந்துகளும் குறிக்கப்பட்ட ஒரு வரைபடம் கிடைத்தாலும் எல்லைகளைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும்.

இடத்தைக் கண்டுபிடித்த பிறகு இப்போதைய உரிமையாளரிடம் போகும்போது, உரிமை கேட்டு வரவில்லை, பார்க்கவே வந்தோம் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய பத்திரத்தோடு ஒருவர் வந்து நின்றால் யாருக்கும் அச்சம் வரத்தான் செய்யும்.


மறுமொழி: அம்பத்தூர் வாசகி

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கிழிந்த பக்கத்தை உருப்பெருக்கியில் வைத்து மறுபடியும் படித்தேன். ஏதோ தொகை என்று நாங்கள் நினைத்திருந்த நான்கு இலக்க எண்ணுக்கு முன் ரீசர்வே என்றே எழுதியிருக்கிறது. எல்லைகளில் மூன்று மட்டும் தெரிகின்றன: கிழக்கே அரண்மனைக்காரன் தெரு, தெற்கே ஒரு செட்டியாரின் வீடு, மேற்கே பொதுச் சுவர். வடக்கு எல்லை கிழிந்த பகுதியோடு போய்விட்டது. சொத்தை அனுபவித்து வருபவர் என்று என் கொள்ளுத்தாத்தாவின் பெயரே இருப்பதால் சொந்த வீடு என்பதும் உறுதியாயிற்று.

நேற்று அப்பாவை அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். மேற்கு வாடை முழுவதும் இரண்டு முறை நடந்தோம். எந்த மனை என்று இன்னும் தெரியவில்லை. அப்பா ஓரிடத்தில் நின்று உயர் நீதிமன்றக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா படுத்திருந்த மாடிக்கு மேலே இந்த வெளிச்சம்தான் போயிற்றா என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை பதிவேட்டைத் தேடுவதற்கான மனுவைக் கொடுக்கப் போகிறேன். தெற்கு எல்லைச் செட்டியாரின் பெயரையும் சேர்த்தே தேடச் சொல்லியிருக்கிறேன். படி கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.