ஐடியில 4 வருஷம், பேப்பர் போடலாமான்னு யோசனை. வெளிய போனவங்க, போயிட்டுத் திரும்பி வந்தவங்க அனுபவம் சொல்லுங்க

பேஜர்பயம்

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவை எழுதறேன், நீளமா போனா கோச்சுக்காதீங்க.

2021 ஜூலைல சேர்ந்தேன், பேக்எண்ட், ஜாவா. சேர்ந்து அஞ்சு மாசத்துல லாக்ஃபோர்ஜே பிரச்சனை வந்துச்சு, ஜாவா ப்ரோகிராம் நடந்தத பதிவு (லாக்) பண்ற லைப்ரரில பெரிய பாதுகாப்பு ஓட்டை, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 10 வாக்குல அதோட 2.15 வெர்ஷன் போடுங்கன்னாங்க, ராத்திரியெல்லாம் உக்காந்து போட்டு முடிச்சா அது பத்தாது 2.16 போடுன்னாங்க, அப்புறம் 2.17, மாசக் கடைசில 2.17.1. மூணு வாரம் சரியா தூங்கல. ஆனா நம்ப மாட்டீங்க, அந்த மூணு வாரம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. எந்த சர்வீஸ்ல எந்த ஜார் (ஜாவா கோட் ஃபைல்) ஒளிஞ்சிருக்குன்னு ஆளுக்கொரு மூலையா தேடினோம், நான் ஒண்ணு கண்டுபிடிச்சப்ப சீனியர் ஒருத்தர் மைக்க ஆன் பண்ணி கைதட்டினாரு.

இப்ப கதையே வேற. அஞ்சு பேர் டீம், ரெண்டு பேர் போனாங்க, அந்த இடத்துக்கு ஆள் எடுக்கல, அதனால மூணு வாரத்துக்கு ஒரு வாரம் எனக்கு ஆன்கால், எந்த நேரம் எது உடைஞ்சாலும் நான்தான் எழுந்து பார்க்கணும். போன மாசம் ராத்திரி 2.40க்கு அலர்ட், டிஸ்க் 100%. பெரிய லாக் ஃபைல் ஒண்ணு நின்னுச்சு, அழிச்சேன், அழிச்சும் 100%னே காட்டுது. தூக்கக் கலக்கத்துல இருபது நிமிஷம் திருதிருன்னு முழிச்சேன். அப்புறம்தான் உறைச்சது, ப்ராசஸ் அந்த ஃபைல தொறந்தே வச்சிருக்கு, பேர் மட்டும்தான் போயிருக்கு, இடத்த விடல. ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாச்சு. லாக் ரொட்டேஷன் (பழைய லாக்க தானா ஒதுக்கி அழிக்கற ஏற்பாடு) ஒழுங்கா போட்டா இது திரும்ப வரவே வராது, அதுக்கு நான் டிக்கெட் போட்டே எட்டு மாசம் ஆச்சு, ஒவ்வொரு தடவையும் அடுத்த ஸ்பிரிண்ட் அடுத்த ஸ்பிரிண்ட்னு தள்றாங்க. அன்னைக்கு லேப்டாப்ப மூடினப்ப எனக்குக் கோவம்கூட வரல. அதுதான் பயமாயிடுச்சு.

குளிக்கும்போதெல்லாம் போன் அடிக்கிற மாதிரியே இருக்கு, ஓடி வந்து பார்த்தா ஒண்ணும் இருக்காது.

ஸ்கூல்ல கணக்கு டீச்சரா போலாம்னு ஒரு எண்ணம். வயசு 26. வீட்ல இன்னும் வாயத் தொறக்கல. இவ்ளோ சீக்கிரம் மாறினா நாலு வருஷம் வேஸ்ட்டா?

மௌன_வாசகன்

சேம் போட் ப்ரோ. பதில் சொல்ல ஒண்ணும் இல்ல, மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கத்தான் கமெண்ட் போட்டு வைக்கறேன்.

சாக்பீஸ்

தம்பி, நான் மூணு வருஷம் டெவலப்பரா இருந்துட்டு கணக்கு டீச்சரானவன், இப்ப ஆறாவது வருஷம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல் நாள் 40 ஸ்லைடு ரெடி பண்ணிட்டுப் போனேன். டெமோ குடுத்துப் பழகின ஆளு, வேற எப்படிப் போவேன். பன்னண்டாவது நிமிஷம் ஸ்லைடு முடிஞ்சிடுச்சு. மிச்சம் அரை மணி நேரம், எதிர்ல 38 பசங்க, ஒருத்தன் டெஸ்க்குக்கு அடியில படுத்திருக்கான். அங்க ரோல்பேக் கிடையாது, பழைய நிலைக்குத் திருப்பிப் போட முடியாது. மூணாவது வாரம் தொண்டை சுத்தமா போயிடுச்சு, நாள் பூரா சத்தமா பேசறது ஒரு உடல் உழைப்புன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ராத்திரி வேலை இல்லன்னு நினைக்காதீங்க, பேப்பர் திருத்தறது இருக்கு, பேரன்ட்ஸ் போன் இருக்கு, மார்க் என்ட்ரி பண்ற சாஃப்ட்வேர் தொங்கும்போது பழைய ஆளுன்னு என்னையத்தான் கூப்பிடுவாங்க (அதுலேர்ந்து தப்பிக்கவே முடியல).

நாலு வருஷம் வேஸ்ட்டான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு பொண்ணு 42லேர்ந்து 17ஐக் கழிச்சு 35ன்னு எழுதிட்டே இருந்தா. எல்லாரும் கவனம் பத்தலன்னு சொல்லி விட்டுட்டாங்க. நான் அவ நோட்ட வாங்கி பழைய கணக்கெல்லாம் வரிசையா பார்த்தேன், லாக் படிக்கிற மாதிரி. எல்லா தப்பும் ஒரே மாதிரி தப்பு. ஒவ்வொரு வரிசையிலயும் பெருசுலேர்ந்து சின்னத கழிக்கறா, மேல இருக்கா கீழ இருக்கான்னே பார்க்கறதில்ல. 7ல 2 போனா 5, 4ல 1 போனா 3. அவ கவனமாத்தான் போட்டிருக்கா, அவ வச்சிருக்கற ரூல்தான் தப்பு. அதுக்கப்புறம் நூறு கணக்கு போடச் சொல்லாம அந்த ஒரு ரூல மட்டும் உடைச்சோம், பத்து பத்தா கட்டின குச்சிய வச்சு, கட்டப் பிரிச்சாத்தான் குடுக்க முடியும்னு காட்டி, ரெண்டு நாள்ல சரியாச்சு. பின்னாடி படிக்கும்போதுதான் தெரிஞ்சுது, 1978லயே பிரவுன், பர்ட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பசங்க போடற இந்த மாதிரி தப்புக்கு, ப்ரோகிராம்ல வர்ற தப்ப சொல்ற மாதிரியே, 'பக்'னே பேர் வச்சு எழுதியிருக்காங்க. நான் கோட்ல தேடினதும் இதேதான்.

சம்பளம் பாதிக்கும் கீழ போச்சு. நான் எட்டு மாச செலவ ஒதுக்கி வச்சிட்டு வந்தேன், அதுவும் டீச்சிங் கோர்ஸ் ஃபீஸ்லயே பாதி கரைஞ்சிடுச்சு. அவசரப்படாதீங்க. சும்மா ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ ரெண்டு மாசம் விடாம சொல்லிக் குடுங்க, காலேஜ்ல ஜூனியருக்கு சொல்லிக் குடுக்கறதும் இதுவும் ஒண்ணில்ல, அங்க கேக்கறவனுக்குப் புரிஞ்சாகணும்னு அவசரம், இங்க அவனுக்கு வெளிய போய் விளையாடணும்னு அவசரம்.

இழைப்புளி

நான் போயிட்டுத் திரும்பி வந்த கோஷ்டி. ஆறு வருஷம் சர்வீஸ், நெட்வொர்க் சைடு, அப்புறம் மர வேலை கத்துக்கிட்டு 14 மாசம் அத முழு நேரமா பண்ணேன்.

வீக்எண்ட்ல பண்ணும்போது சொர்க்கம். அதே வேலைய அடுத்தவங்க காசுக்குப் பண்ணும்போது டெட்லைன் வந்துடுது, ரிக்வயர்மெண்ட் மாத்தறாங்க, ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்ணி முடிஞ்சுதான்னு கேக்கறாங்க. எங்க ஓடினாலும் கிளையண்ட் கிளையண்ட்தான். என் முதல் பெரிய ஆர்டர் ஒரு சாப்பாட்டு மேஜை. மேல் பலகைய அடிச்சட்டத்தோட பசை போட்டு இறுக்கிட்டேன். மரம் காத்துல இருக்கற ஈரத்துக்குத் தக்க ரேகைக்குக் குறுக்க விரியும், சுருங்கும், நீளவாக்குல அவ்வளவா அசையாது, அதனால திருகு ஓட்டைய நீள்வட்டமா போட்டு அசைய இடம் விடணும். படிச்சிருந்தேன், தெரியும், இருந்தும் அவசரத்துல விட்டுட்டேன். சீசன் மாறினதும் நடு பலகை பிளந்துடுச்சு. கைக்காச போட்டு வேற செஞ்சு குடுத்தேன்.

திரும்பி வரும்போது இன்டர்வியூல எல்லாரும் அந்த 14 மாசத்தத்தான் நோண்டினாங்க. மூணு எடத்துல மழுப்பினேன், மூணுலயும் வேலை கிடைக்கல, நாலாவது எடத்துல மேஜை பிளந்த கதைய அப்படியே சொன்னேன், அந்த ஆளு சிரிச்சிட்டு தப்ப மறைக்காம சொல்றவன்தான் வேணும்னு எடுத்துக்கிட்டாரு. பழைய சம்பளத்துக்கும் கம்மிதான். வருத்தமா இல்ல. ஆனா ஒண்ணு, போகும்போது மேனேஜர்ட்ட நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டுப் போனேன், அது மட்டும் பண்ணிருக்கக் கூடாது, ரெஃபரன்ஸ் கேக்க திரும்ப அவர்ட்டதான் நிக்க வேண்டியிருந்துச்சு.

கம்பைலர்_கண்ணாடி

யாரும் ஏஐ பத்தி பேசலயே? 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுலேர்ந்து எங்க ஆஃபீஸ்ல பாதி பேர் இந்த ஃபீல்டே காலின்னு புலம்பறாங்க. நானும் அந்த பயத்துலதான் வேற படிப்பு தேடினேன், மூணு கோர்ஸ்ல பணம் கட்டி மூணையும் முடிக்கல. பயந்து ஓடும்போது எங்க போறோம்னு பார்க்கறதே இல்ல போல.

பழைய_டெஸ்டர்

தம்பி, அக்கா 17 வருஷமா டெஸ்டிங், இப்ப டெக்னிக்கல் ரைட்டிங். உங்க போஸ்ட்ல எல்லாரும் டீச்சர் மேட்டரத்தான் புடிச்சுக்கிட்டாங்க, எனக்கு அந்த டிசம்பர்தான் கண்ணுல பட்டுச்சு. தூக்கம் இல்லாத மூணு வாரம் புடிச்சிருந்துச்சுன்னு சொல்றீங்க, இப்ப இருபது நிமிஷ அலர்ட் உயிர எடுக்குது. ரெண்டும் ஐடிதானே.

உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்னவுட்னா என்னன்னு வரையறுத்தாங்க. வியாதின்னு சொல்லல, சரியா கையாளாம விட்ட வேலை அழுத்தத்தால வர்றதுன்னு சொன்னாங்க. மூணு விஷயம்: சக்தியே இல்லாம போறது, வேலை மேல ஒரு ஒட்டாத்தன்மை, நம்மால ஒண்ணும் ஆகலன்ற நினைப்பு. எனக்கு மூணும் இருந்துச்சு. நானும் ஃபீல்டையே விடணும்னு லெட்டர் வரைக்கும் டைப் பண்ணிட்டேன். அப்ப ஒரு ஃப்ரெண்டு கேட்டா, இதே வேலை, இந்த லீட் இல்ல, ராத்திரி ரிலீஸ் இல்ல, அப்பவும் போவியான்னு. பதில் சொல்ல முடியல. டீம் மாத்திக் கேட்டேன், நாலு மாசம் இழுத்தடிச்சுக் குடுத்தாங்க. ரெண்டு நல்லா சரியாச்சு, டெஸ்டிங் மேல இருந்த அலுப்பு மட்டும் போகல, அப்பத்தான் எழுத்து வேலைக்கு மாறினேன். அலுப்பையும் களைப்பையும் பிரிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, உங்களுக்கு சீக்கிரம் ஆகலாம்.

உடம்புல தூக்கம், பசி ரொம்ப கெட்டுப் போயிருந்தா முதல்ல டாக்டரப் பாருங்க, ராஜினாமா அப்புறம்.

பேஜர்பயம்

ஆறு வாரம் கழிச்சு அப்டேட்.

டெஸ்டர் அக்கா கேட்ட கேள்விய ஒரு வாரம் மண்டைல வச்சிட்டு சுத்தினேன். மேனேஜர்ட்ட மூணு மாசம் ஆன்கால்லேர்ந்து எடுங்கன்னு கேட்டேன், முகம் சுளிச்சாரு, கடைசில ரெண்டு மாசம்னு முடிஞ்சுது. லாக் ரொட்டேஷன் டிக்கெட்ட யாரையும் கேக்காம ஒரு மத்தியானம் நானே போட்டு முடிச்சிட்டேன், மொத்தமே ஒண்ணரை மணி நேரம், எட்டு மாசம் எதுக்கு இழுத்தோம்னு சிரிப்புதான் வந்துச்சு. இப்ப தூங்கறேன். வேலை மேல வெறுப்பு குறைஞ்சிருக்கு, ஆசையா இருக்கான்னு கேட்டா அதுவும் இல்ல. டீச்சிங் கோர்ஸ் அப்ளிகேஷன் இன்னும் டிராஃப்ட்லதான் இருக்கு.

சாக்பீஸ் அண்ணா சொன்ன மாதிரி பக்கத்து வீட்டுப் பையனுக்கு சனிக்கிழமைல சொல்லிக் குடுக்கறேன். முதல் மூணு வாரம் கொடுமை, அவன் என்னையப் பார்க்கறத விட கடிகாரத்தத்தான் அதிகம் பார்த்தான். நேத்து 61லேர்ந்து 28 போனா எவ்வளவுன்னு கேட்டேன், 47ன்னு எழுதினான். அண்ணா, அதே பக்! நான் துள்ளிக் குதிச்சிட்டேன், அவன் சரியா போட்டுட்டோம்னு நினைச்சிட்டான் பாவம்.