காப்புத்துரு, மேனிப்படலம்: சிற்பத் தோட்டத்துக்கு இரண்டு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

நெதர்லாந்தின் ஓட்டர்லோவில் இருக்கும் கிரோலர்-முல்லர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களுக்காக ஒரு தமிழ்க் குறிப்பு தயாராகிறது. ஹோகே வேலுவே தேசியப் பூங்காவுக்குள் அருங்காட்சியகம் இருப்பதால் பூங்காவுக்குத் தனிச் சீட்டு, அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு. திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பூங்காவுக்குள் வெள்ளை சைக்கிள் இலவசம். இதையெல்லாம் எழுதுவதில் சிக்கல் இல்லை. 1961-இல் திறந்த சிற்பத் தோட்டத்துக்குள் நுழைந்ததும்தான் சொல் தட்டுகிறது. 25 ஹெக்டேர் தோட்டம், அதற்கு மட்டுமே அரை நாள் வேண்டும்.

அங்கே பள்ளம் போன்ற ஓரிடத்தின் சரிவுகளில் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்டு செர்ராவின் மூன்று எஃகுத் தகடுகள் நிற்கின்றன. ‘ஸ்பின் அவுட்’, 1972-73. முழுக்கத் துரு நிறம். கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்றுதான் முதல் பார்வையில் தோன்றும். அப்படியல்ல என்று ஒரே வரியில் சொல்லியாக வேண்டும். தேவைப்படும் சொற்கள் இரண்டு:

அ) கார்டென் வகை எஃகு, ஆங்கிலத்தில் ‘வெதரிங் ஸ்டீல்’. இப்போதைக்கு ‘வானிலை எஃகு’ என்று போட்டிருக்கிறது.
ஆ) பட்டினா, அதாவது உலோகச் சிற்பத்தின் மேல் உருவாகும் நிறப் படலம். இப்போதைக்கு ‘களிம்பு’.

இரண்டுமே சரியாகப் படவில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
க.

---

> இப்போதைக்கு ‘வானிலை எஃகு’

வேண்டாம் ஐயா. வானிலை எஃகு என்றால் மழை அளக்கிற கருவிக்கு வாங்குகிற எஃகோ என்று கேட்பார்கள். ஒலிபெயர்த்து ‘கார்டென்’ என்றே விடலாமா என்றால் அதிலும் வம்பு. பட்டறைகளில் அது ‘கார்டன் ஸ்டீல்’ ஆகிவிட்டது. சிற்பத் தோட்டத்துக் குறிப்பில் ‘கார்டன் ஸ்டீல்’ என்று அச்சானால் தோட்டத்துக்கு வாங்கிய ஸ்டீல் என்றே பொருள் கொள்வார்கள். தவிர, கார்டென் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர், 1933-இலிருந்து. எல்லாச் சிற்பமும் அந்த நிறுவனத்தின் தகடு அல்ல.

பெயர் வைக்குமுன் அந்த எஃகு என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண இரும்பின் துரு பொரிபொரியாக, துளைகளோடு இருக்கும். ஈரம் உள்ளே இறங்கும், துரு பெயர்ந்து விழும், அடியில் புது இரும்பு தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். இந்த எஃகில் செம்பு, குரோமியம், நிக்கல், சிலவற்றில் பாஸ்பரஸும் சிறிதளவு கலந்திருக்கும். செம்பு அரை சதவீதத்தை ஒட்டித்தான். அந்தக் கலப்பால் துருவின் உள்ளடுக்கு நெருக்கமாகி, தகட்டோடு ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் ஈரத்தையும் காற்றையும் தடுக்கிறது. துருவே துருவைத் தடுக்கிறது. ஆகவே என் பரிந்துரை: காப்புத்துரு. எஃகுக்குக் காப்புத்துரு எஃகு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் துருப்பிடிக்கா எஃகு என்று ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். ஒன்று துருப்பிடிக்காமல் பிழைக்கிறது, மற்றது துருப்பிடித்துப் பிழைக்கிறது.

இதே வகை எஃகில்தான் பெரம்பூர் ஐ.சி.எஃப். பல்லாண்டுகளாக ரயில் பெட்டிகள் கட்டியது. மேலே பெயின்ட் இருந்ததால் துருவின் அழகை யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மு.

---

மு. ஐயாவின் சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு தடை. அந்தத் துரு எல்லா இடத்திலும் காப்பதில்லையே? கடலோரத்தில் வைத்தால் அரித்துக்கொண்டே போகிறது. காக்காத துருவுக்குக் காப்புத்துரு என்று பெயர் வைக்கலாமா?

இரண்டாவது, களிம்பு பற்றி. அதை உடனே எடுத்துவிடுங்கள். களிம்பு என்றதும் தமிழ் வீட்டில் கை தானாகப் புளியைத் தேடும். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் நஞ்சு, தேய், ஈயம் பூசு என்பதுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கே செம்பில் களிம்புதான் உவமை. நீங்காமல் ஒட்டிய அழுக்கு! மருந்துக்கடையில் கேட்டால் தோலில் தடவுகிற களிம்பைக் கொடுப்பார்கள், அது வேறு.

வெண்கலச் சிற்பத்தின் நிறமோ பெரும்பாலும் சிற்பி கேட்டு வாங்கியது. வார்ப்பு முடிந்ததும் தீத்துருத்தியால் மேற்பரப்பைச் சூடாக்குவார்கள். தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ரென்று உடனே ஆவியாகும் அளவு சூடு. அதன்மேல் உலோக உப்புக் கரைசலைத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவார்கள். ஃபெரிக் நைட்ரேட் பழுப்பும் செம்மஞ்சளும் தரும். குப்ரிக் நைட்ரேட் பச்சையும் நீலப்பச்சையும். கந்தகக் கரைசல் கருமை. சூடு குறைந்தால் கரைசல் வழிந்து கோடு விழும். கூடினால் ஒட்டாமல் பொடியாக உதிரும். கடைசியில், உலோகம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெழுகு. இவ்வளவையும் ‘களிம்பு’ என்று எழுதிவைத்தால், நல்லெண்ணத்தோடு ஒருவர் துணியும் புளியுமாக வந்து நிற்பார்.

வே.

---

> காக்காத துருவுக்குக் காப்புத்துரு என்று பெயர் வைக்கலாமா?

வைக்க வேண்டாம். அதற்கு வெறும் துரு என்றே பெயர். காக்கிறபோது மட்டும் காப்புத்துரு. வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிடுகிறது, குறிப்பு எழுதுகிறவருக்கு அது வசதி.

எப்போது காக்கும்? நனைய வேண்டும், பிறகு காய வேண்டும். இது மாறிமாறி நடந்தால்தான் அடுக்கு இறுகும். காயவே விடாத இடங்களில் தோற்கும்: தகட்டின் அடியில் குவிந்த சருகு, தண்ணீர் தேங்கும் கிடைமட்ட விளிம்பு, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த சந்து, மண்ணுக்குள் புதைந்த பகுதி, உப்புக்காற்று. செர்ராவின் தகடுகள் சரிவு மண்ணில் செருகி நிற்பவை. மேலே இருப்பது காப்புத்துரு, மண்ணுக்குள் இருப்பதற்கு அந்தப் பெயர் சொல்ல முடியாது. ஆனால் தகட்டின் தடிமன் ஏறத்தாழ 3.8 செ.மீ., உயரம் 3 மீட்டர், நீளம் 12 மீட்டர். கணக்குப் போட்டால் தகட்டுக்குப் பதினோரு டன் வருகிறது. அந்தத் தடிமனுக்குச் சற்று அரித்தாலும் தாங்கும். இதைப் பார்த்துவிட்டு 2 மி.மீ. தகட்டில் தொட்டி செய்து மண்ணை நிரப்புகிறவர்கள்தான் ஓட்டை விழுந்த பிறகு எஃகைத் திட்டுகிறார்கள்.

நிறம் திட்டுத்திட்டாக வருவதற்கும் காரணம் உண்டு. ஆலையிலிருந்து வரும் தகட்டின் மேல் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு தோல் இருக்கும். மணல் வீசி அதை எடுக்காமல் வெளியே வைத்தால் அங்கங்கே உரிந்து சொறிபிடித்த மாதிரி ஆகிவிடும். சாக்பீஸ் குறி, எண்ணெய்க் கை எல்லாம் மாதக்கணக்கில் தெரியும். சாதாரண வெல்டிங் குச்சி போட்டால் இணைப்பு தனி நிறக் கோடாக நிற்கும். நிக்கல் கலந்த குச்சி வேண்டும். முதல் சில ஆண்டுகள் மழையில் பழுப்புத் தண்ணீர் வழியும். அடியில் சரளைக்கல் பரப்புவது நல்லது, வெள்ளை சிமெண்ட் தரை போட்டால் கறைதான் மிஞ்சும். பார்வையாளருக்கும் எச்சரிக்கை எழுதுங்கள்: புதுத் தகட்டில் வெள்ளை வேட்டியோடு சாய வேண்டாம்.

மு.

---

பட்டினாவை அப்படியே எழுதினால் என்ன? உலகமெல்லாம் அதுதானே வழக்கு?

ச.

---

ச. அவர்களுக்கு: எழுதலாம். ‘பட்டினாவைத் தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை வைத்துப் பாருங்கள். பட்டினமா, பட்டினியா என்று யோசித்தபடியே தொட்டுவிட்டுப் போவார்கள்.

என் பக்கத்திலிருந்து மேனிப்படலம். ஆக்சைடு படலம் என்று பள்ளிப் பாடத்திலேயே படலம் வந்துவிட்டது. வார்ப்புச் சிற்பத்தைச் செப்புத் திருமேனி என்பது நம் வழக்கு, ஆகவே மேனி. ‘முதிர்நிறம்’ என்றும் எனக்குத் தனி மடலில் ஒரு யோசனை வந்தது. கேட்க இனிமை. ஆனால் தீயில் ஒரே நாளில் ஏற்றிய நிறத்துக்கு முதிர்ச்சி ஏது? நியூயார்க் சுதந்திரதேவி சிலைக்குப் பொருந்தும். 1886-இல் செம்பு நிறத்தில் நின்றவள், 2.4 மி.மீ. செப்புத் தகடு, பச்சையாக முதிர இருபது ஆண்டு போல ஆயிற்று. மேனிப்படலம் என்றால் இரண்டுக்கும் பொது: தீயேற்றிய மேனிப்படலம், தானே படிந்த மேனிப்படலம்.

வே.

---

மேனி என்றால் கோயில் வாடை அடிக்காதா? ஓட்டர்லோ தோட்டத்தில் இருப்பது நவீன கலை. ரோடினின் குந்திய பெண்ணுக்குப் பொருந்தும், வேறு பலவற்றுக்கு?

க.

---

தெய்வத்தன்மை ‘திரு’வில்தான் இருக்கிறது, மேனியில் இல்லை. வேலியோரத்தில் முளைக்கிற குப்பைமேனிக்கு யார் தீபாராதனை காட்டுகிறார்கள்?

கோயில் வழக்கிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். சந்தனக்காப்பு, தைலக்காப்பு. சிலைமேல் பூசுவதற்கும் பாதுகாப்பதற்கும் ஒரே சொல், காப்பு. வெளிப்புற வெண்கலத்துக்கு ஆண்டுதோறும் போடும் மெழுகுக்கு மெழுகுக்காப்பு என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மென்மையான சோப்புநீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்லியதாக மெழுகு தடவி, துணியால் ஒத்தி மெருகேற்றுவது. ஈரம் இருக்கும்போதே மெழுகு போட்டால் உள்ளே வெண்மை தங்கிவிடும். ஓரிரு ஆண்டு விட்டுவிட்டால் மழை வழியும் தடத்தில் வெளிர்பச்சைக் கோடுகள். தொடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்: ஆயிரம் கை பட்ட மூக்கிலும் முழங்காலிலும் முதலில் மெழுகு போகும், பின் படலம் போகும், கடைசியில் மஞ்சள் வெண்கலம் பளபளக்கும்.

களிம்பையும் தூக்கி எறிய வேண்டாம். குளோரைடு உட்புகுந்த வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்து, துடைத்தாலும் ஈரக்காற்றில் மறுபடி பூக்கும். வெண்கல நோய் என்பார்கள். அதற்குக் களிம்புநோய் என்று வைப்போம். அங்கே அந்தச் சொல்லின் அருவருப்பு நமக்கு உதவும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடம் பழைய செப்புத் திருமேனிகளில் மின்பகுப்பு முறையால் போராடியது இந்த நோயோடுதான். மேனிப்படலம் கெட்டியாக ஒட்டியிருக்கும், நகத்துக்கு வராது. களிம்புநோய் பொடியாக உதிரும். பணியாளருக்கு இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

வே.

---

ஏற்றுக்கொள்கிறேன். ஒரு எல்லை மட்டும் போட்டுவிடுவோம். பெயின்ட் அடித்தவை எதற்கும் மேனிப்படலம் என்று எழுதக் கூடாது. அதே தோட்டத்தில் துபுஃபேயின் ‘எனாமல் தோட்டம்’ என்ற சிற்பம் இருக்கிறது, 1974. உள்ளே ஏறி நடக்கலாம். கான்கிரீட்டும் இழைக்கண்ணாடி எப்பாக்சியும், மேலே வெள்ளை பாலியூரித்தேன் பெயின்ட், கருப்புக் கோடுகள். அதில் பாசி படிந்தால் அது அழுக்குதான், கழுவ வேண்டியதுதான். மார்ட்டா பானின் மிதக்கும் வெள்ளைச் சிற்பமும் அப்படியே, பாலியெஸ்டர். வெள்ளையாக இருந்தால்தான் குளத்தில் அதன் நிழல் தெளியும்.

மு.

---

அனைவருக்கும் நன்றி. குறிப்பில் இப்படிப் போகிறது:

“செர்ராவின் தகடுகள் காப்புத்துரு எஃகால் ஆனவை. இந்தத் துரு பராமரிப்புக் குறைவால் வந்ததல்ல, தகட்டைக் காப்பதே அதுதான். சுரண்டாதீர்கள், பெயர் எழுதாதீர்கள். எழுதியதை அழித்தால் அழித்த இடமும் தழும்பாகத் தெரியும்.”

“வெண்கலச் சிற்பங்களின் பச்சையும் பழுப்பும் மேனிப்படலம். மேலே மெழுகுக்காப்பு இட்டிருக்கிறது. கை படாமல் பாருங்கள்.”

மார்ட்டா பானின் சிற்பம் காற்றுக்குத் திரும்புகிறது என்று எழுதும்போது ‘அசைச்சிற்பம்’ என்று போட்டேன். யாரோ பிடித்து ஆட்டலாம் என்பது போலத் தொனிக்கிறது. ‘அசைசிற்பம்’ என்று ‘ச்’ ஒற்றை எடுத்துவிட்டால் வினைத்தொகையாகி, தானே அசைவது என்று வருமா? இலக்கணம் தெரிந்தவர்கள் புது இழையில் சொல்லுங்கள், இதை இத்தோடு மூடுகிறேன்.

க.