பிளட் அண்ட் பிளாக் லேஸ் (1964): காசு குறைவான செட்டில் இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா செய்த வேலை – உங்கள் கவனிப்புகள்

லைட்டிங் பிரிவிலிருந்து:

ரோமில் ஒரு ஃபேஷன் ஹவுஸ், மாடல் பெண்கள் ஒவ்வொருவராகக் கொலை. கதை இவ்வளவுதான். பழம்பொருள் கடைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அந்த ஒரு சாக்கை வைத்தே பாவா பச்சை, ஊதா என்று அறைக்குள் அள்ளி வீசுகிறார். ஒளி படாத இடம் முழுக்க இருட்டு. இருட்டில் கிடக்கும் சுவருக்குப் பெயிண்டும் வேண்டாம், சாமானும் வேண்டாம். அவர் அடிப்படையில் ஒளிப்பதிவாளர், அதனால் எதை இருட்டில் விடலாம் என்பது அவருக்கு அத்துப்படி.

ஆனால் இது சும்மா கிடைத்துவிடாது. அன்றைய ஈஸ்ட்மன்கலர் (கலர் ஃபிலிம்) நெகடிவின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 50தான். அடர் நீல ஜெல் (விளக்குக்கு முன் மாட்டும் நிறத்தாள்) 3% ஒளியை மட்டும் விட்டால் 5 ஸ்டாப் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). ஆகவே விளக்கைக் கிட்டே கொண்டுவந்து சின்ன இடத்தில் குவிக்க வேண்டும். ஜெல்லை விளக்கின் லென்ஸோடு ஒட்டி மாட்டினால் வெந்து வெளுத்துவிடும். பார்ன்டோர் (விளக்கின் முன் உள்ள தகட்டுக் கதவு) முனையில் கிளிப் போடுங்கள். வெள்ளை விளக்கு ஒன்று அந்தச் சுவரில் லேசாகச் சிந்தினாலும் நிறம் சாயம் போனதுபோல் ஆகிவிடும், கறுப்புக் கொடி (ஒளியை மறைக்கும் கறுப்புத் துணிச் சட்டம்) வைத்து வெட்டியே ஆக வேண்டும்.

டிஜிட்டலில் இதை முயல்பவர்கள் மாட்டிக்கொள்வது சிவப்பில்தான். லூமா வேவ்ஃபார்ம் (மொத்த வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்று காட்டும். ரெட் சேனல் மட்டும் கிளிப் ஆகி (உச்ச அளவைத் தாண்டி வெட்டுப்பட்டு), கன்னத்தில் தோலின் விவரமே இருக்காது. ஆர்ஜிபி பரேடை (சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனியாகக் காட்டும் வரைபடம்) பார்த்து எக்ஸ்போஷரை இறக்குங்கள்.

கிரிப் வேலை (கேமராவைத் தாங்கி நகர்த்தும் சாதன வேலை) தெரிந்தவர்:

டாலிக்கு (கேமராவை நகர்த்தும் தள்ளுவண்டி) பதில் குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டி, கிரேனுக்குப் பதில் ஏற்றப்பலகை (சீசா) மாதிரி ஒரு ஏற்பாடு. இந்தப் படத்தில் இரண்டும் உண்டு. பலகைக் கணக்கு எளிது: ஆபரேட்டரும் கேமராவும் சேர்ந்து 90 கிலோ, தாங்குகட்டையிலிருந்து 2 மீட்டரில் இருந்தால், மறுபக்கம் 1 மீட்டரில் 180 கிலோ வேண்டும். பலகை சாயச் சாய கேமராவும் சாயும், டில்ட்டை (கேமராவின் மேல்-கீழ் சாய்வு) எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே வர வேண்டும். ஷாட் முடிந்ததும் எடைப்பக்கம் நிற்பவர் முதலில் இறங்கவே கூடாது. அவர் இறங்கினால் ஆபரேட்டர் கேமராவோடு கீழே.

வண்டியில் வைடு லென்ஸ் போடுங்கள், தரையில் பிளைவுட் விரியுங்கள். ஃபிரேமுக்கு முன்னால் பொம்மையோ திரைச்சீலையோ கடந்து போனால் மிச்ச ஆட்டம் கண்ணில் படாது. இந்தப் படத்தில் மேனிக்வின்களுக்கா (துணிக்கடை பொம்மைகள்) பஞ்சம்!

சவுண்ட் பக்கம்:

“உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை, பிரிண்ட் கோளாறு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அக்கால இத்தாலியில் பெரும்பாலும் ஸ்பாட்டில் எடுத்த ஒலி வழிகாட்டிதான், படத்துக்கு முழுக்க டப்பிங். நடிகர்கள் ஆளுக்கொரு மொழி பேசினாலும் காரியம் நடக்கும். ஆங்கிலப் பதிப்பில் நடிகர் கேமரன் மிட்செல் வாயசைக்கிறார், குரல் டப்பிங் கலைஞர் பால் ஃப்ரீஸ். ஆண் பாத்திரங்களில் பெரும்பாலானவை ஃப்ரீஸ் ஒருவரே பேசியவை! காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் பிடித்துவிடலாம். அதனால் துப்புத் துலக்க விரும்புபவர்கள் இத்தாலிய ட்ராக்கில் பார்ப்பது நல்லது, ஒரே குரல் பலருக்கு வந்து குழப்பாது.

லேப் பக்கமிருந்து ஒரு சிறு சேர்க்கை:

சிக்கனம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1970இல் வெளிவந்த, இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜென்ட்டோவின் முதல் படத்தை ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ எடுத்தது குரோமோஸ்கோப் என்ற சிக்கன அகலத்திரை முறையில். ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிம் ஓரத் துளைகளில் 4க்குப் பதில் 2, ஃபிலிம் செலவு பாதி. 1000 அடி ரோல் 11 நிமிடத்துக்குப் பதில் 22 நிமிடம் ஓடும், படத்தைப் பக்கவாட்டில் சுருக்கிப் பதியும் அனமார்பிக் லென்ஸும் தேவையில்லை. ஆனால் கிரெயின் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) கூடும். ஃபிரேம்களுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு என்பதால் கேட்டில் (கேமராவுக்குள் ஃபிலிம் ஒளி படும் சட்டம்) ஒரு முடி ஒட்டினாலும் படத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ரோல் மாற்றும்போதெல்லாம் கேட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.