"பெரிய லயத்துக் குடும்பம்" குழுவில் ஒரு சின்ன டேபிள் சோ

பிரவீன்: எல்லாருக்கும் வணக்கம். தாத்தா தெவசத்துக்குள்ள நம்ம லயத்த, அந்தத் தோட்டத்துப் பத்து காம்பரா (அறை) வரிசை வீட்ட, மரத்துல சின்னதா செஞ்சு வைக்கப் போறேன். தைக்கு அப்புறம் லயத்த உடைக்கிறாங்கன்னு பேச்சு. மெல்லிசா மரம் கீற சின்ன டேபிள் சோ, அதான் மேசையில பிளேடு சுத்துற ரம்பம், வாங்கணும். எது நல்லது?

மஸ்கெலியா அத்தை: நல்ல காரியம்யா

மஸ்கெலியா அத்தை: தெவசம் ஞாயிறா திங்களா?

பதுளை சித்தப்பா: வாங்குறதெல்லாம் எதுக்கு. கிரைண்டரப் பலகைக்கு அடியில கவுத்து மாட்டு, மரம் அறுக்குற பிளேடு போடு. முடிஞ்சிச்சு

ஹட்டன் பெரியப்பா: வேணாம்

ஹட்டன் பெரியப்பா: பிரவீன், அத மட்டும் செஞ்சிடாத. நாலு இஞ்சி கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தும். இரும்பு தேய்க்கச் செஞ்ச மெஷின். மரத்துல பல்லு சிக்குனா பலகையத் தூக்கி மூஞ்சியில அடிக்கும், கை பிளேடு மேல போயிரும். என் இடது கை ஆள்காட்டி விரல் நுனி அப்பிடித்தான் போச்சு. மாட்டிக் குடுத்தது யாருன்னு சித்தப்பாவுக்குத் தெரியும்.

பதுளை சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கொழும்பு சுதா: அப்பா, அத ஏன் இப்ப

ஹட்டன் பெரியப்பா: புள்ள விரலுக்காகச் சொல்றேன்மா. பிரவீன், மொதல்ல அளவ முடிவு பண்ணு. காம்பரா பத்தடிக்குப் பன்னண்டடி. 24ல ஒரு பங்குன்னா ஒரு காம்பரா அஞ்சுக்கு ஆறு இஞ்சி, பத்து காம்பராவும் 50 இஞ்சி நீளம். 48ல ஒரு பங்குன்னா 25 இஞ்சிதான், ஆனா கதவு, சன்னல் கொண்டியெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. நான் சொல்றது 24. அதுல கூரைத் தகரத்தத் தாங்குற ரீப்பர் சட்டம் 2 மில்லி கனம் வரும். மரக்கடை சோ ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லி மரத்தத் தூளாக்கிரும். 100 மில்லி அகலப் பலகையில உனக்கு 20 கீத்து. 1 மில்லி திங்கிற மெல்லிசு பிளேடுன்னா 33 கீத்து. சின்ன சோ வேணுங்கிறது அதுக்குத்தான்.

பிரவீன்: சரி பெரியப்பா 24தான்

மஸ்கெலியா அத்தை: தண்ணி புடிக்கிற பீலிய மறந்துறாத. கோயில் பக்கம்

பதுளை சித்தப்பா: கோயில் பக்கம் இல்லக்கா. ஸ்டோர் பக்கம்

மஸ்கெலியா அத்தை: தண்ணி தூக்குனது நானா நீயா

கொழும்பு சுதா: சோ வெல எவ்வளவு?

ஹட்டன் பெரியப்பா: ஒன்லைன்ல 775ன்னு ஒரு சின்ன மோட்டார் வச்சு மலிவா ஒண்ணு விக்கிறாங்க. அதுல பலகைய ஒட்டித் தள்ளுற நேர்க்கட்டைய ஒரு முனையில மட்டும் திருகு பிடிக்கும். தள்ளத் தள்ள மறுமுனை விலகும், கீத்து ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3 மில்லி. வேணாம். புரொக்சன் கம்பனியில கேஎஸ் 230, எஃப்இடின்னு ரெண்டு இருக்கு. கேஎஸ் 230ல 58 மில்லி பிளேடு, 8 மில்லி கனம் வரைக்கும் வெட்டும். ரீப்பருக்குப் போதும். எஃப்இடில 80 மில்லி பிளேடு, 22 மில்லி வரைக்கும் போகும், பிளேடச் சரிச்சும் வைக்கலாம். கூரை முகடு சேர்ற எடத்துக்குச் சரிவு வெட்டு வேணும், அதனால என் மனசு எஃப்இடிலதான். எது வந்தாலும் நேர்க்கட்டைக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்த முன்னாலயும் பின்னாலயும் அளந்து பாரு. பிளேடச் சுத்தியிருக்கிற சந்துல மெல்லிசு கீத்து விழுந்து சிக்கும். எஃப்இடின்னா மேசை மேல ஒரு மெல்லிசு மரப்பலகைய ஒட்டி, பிளேட அதுக்குள்ளாலயே மெதுவா ஏத்து. சந்தே இருக்காது. தள்ளுறது குச்சியால, விரலால இல்ல.

பிரவீன்: 🙏 மரம்?

ஹட்டன் பெரியப்பா: ரீப்பருக்கு நல்லாக் காஞ்ச சவுக்கு, நம்ம சில்வர் ஓக். சுவருக்கு ப்ளைவுட்

மஸ்கெலியா அத்தை: எங்கிட்ட அம்மா அரிசி போட்டு வச்ச தேயிலப் பெட்டி இருக்கு. அந்தப் பலகை ஆகுமா

ஹட்டன் பெரியப்பா: தங்கச்சி, அதவிட நல்லது வேற எது! உள்ள ஒட்டியிருக்கிற வெள்ளித் தாளையும் கிழிக்காம உரி. கூரைத் தகரத்துக்கு அதுதான்

கொழும்பு சுதா: 😭😭

கொழும்பு சுதா: கட்டார்ல இருந்து வர்றவங்க கிட்ட சோ சொல்லிப் பாக்குறேன். கரண்ட் ஒத்து வருமா

ஹட்டன் பெரியப்பா: 230 வோல்ட்டான்னு பாத்து வாங்கச் சொல்லு

பதுளை சித்தப்பா: சோ வர்ற வரைக்கும் அப்பாவோட சின்ன ரம்பம் இருக்கு. பல்லு நைசு

மஸ்கெலியா அத்தை: அப்ப அப்பாவோட ஆயுதப் பெட்டி ஒங்கிட்டதான் இருக்கா??

மஸ்கெலியா அத்தை: ஒரு வருசமாத் தேடுறோம்

பதுளை சித்தப்பா: அப்பா கையால குடுத்தாருக்கா. களவா எடுக்கல

அம்மா: புள்ளைங்க பாக்குற குழு இது

ஹட்டன் பெரியப்பா: தம்பி, தெவசத்துக்கு வரும்போது கொண்டா. பிரவீன் கையில நீயே குடு.

பதுளை சித்தப்பா: சரிண்ணே

பிரவீன்: அப்ப எஃப்இடியா, கேஎஸ் 230ஆ?

ஹட்டன் பெரியப்பா: ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. பலகை துண்டு ஒண்ணு கொண்டா, வச்சுப் பேசுவோம்

மஸ்கெலியா அத்தை: ஞாயிறு தெவசம் இல்லையா அப்ப?

பதுளை சித்தப்பா: பீலி ஸ்டோர் பக்கந்தான்