பின் சீட்டில் பெல்ட் போடாமல் "என் உயிர், என் பொறுப்பு" என்பவர்களுக்கு

திசைமானி:
கட்டற்றவன் இரண்டு நாள் முன்பு இன்னொரு இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இதுதான்: "பின் சீட்டில் பெல்ட் போடுவதும் போடாததும் என் இஷ்டம். செத்தால் நான்தானே சாகப்போகிறேன்? என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு." அதற்குக் கைதட்டல் வேறு.

ஐயா, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதினால் கார் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். அதே 50ல் முன்னால் பறப்பீர்கள். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும் வேகம் அது. நீங்கள் போய் விழுகிற இடத்தில் தரை இல்லை, முன் சீட்டில் ஒரு ஆள் இருக்கிறார். அவர் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருப்பார். முன்னால் இருந்து வரும் அடிக்குத்தான் அது காப்பு, முதுகுப் பக்கம் 70 கிலோவோடு வந்து மோதுகிற உங்களுக்கு அல்ல.

2002ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஜப்பான் விபத்துப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பின்னால் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால், பெல்ட் போட்டு முன்னால் இருப்பவர் இறக்கும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதில் எங்கே இருக்கிறது "என் உயிர்"?

கட்டற்றவன்:
பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் வருகிறேன். ஐந்து மடங்கா? எந்தக் காரில், எந்த வேகத்தில்? ஒரே ஒரு நாட்டுப் பதிவை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதுகிறீர்கள். நான் 22 வருடமாகக் காரில் போய் வருகிறேன். இதுவரை யார் முதுகிலும் போய் விழுந்ததில்லை.

இன்னொன்று. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனைப் பெல்ட்டை 1959ல் வால்வோவின் நீல்ஸ் போலின் கொண்டுவந்தபோது எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. அந்த நிறுவனம் காப்புரிமையையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. மனிதர்கள் தாங்களாக எடுத்துக்கொண்ட பொறுப்பு அது. உங்களைப் போன்றவர்கள்தான் பிறகு வந்து அதை மிரட்டலாக மாற்றினீர்கள்.

திசைமானி:
அந்தப் பெல்ட் வந்து 11 வருடம் கழித்து, 1970ல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் கட்டாயமாக்கியது. ஏன்? பெல்ட் காரில் இருந்தது, ஆட்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்டனில் 1983 ஜனவரி 31 அன்று முன் சீட்டுக்குச் சட்டம் வந்தது. அதற்கு முன் அணிந்தவர்கள் சுமார் 40 சதவீதம், அப்புறம் 90 சதவீதத்துக்கு மேல். நடுவில் மனிதர்களுக்குத் திடீரென்று பொறுப்பு முளைத்ததா?

ஐந்து மடங்குக்குப் பதில் சொல்லாமல் வரலாற்றுக்குத் தாவிவிட்டீர்கள்.

எண்கணக்கு:
ஒரு திருத்தம். நான் யார் பக்கமும் இல்லை. பின்னால் பெல்ட் போடாத கூட்டம் போகும் கார்களை ஓட்டுகிறவர்களும் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறவர்களாக இருக்கலாம். அப்படியானால் மோதலே பெரிய மோதல், அதில் பின்சீட்டுக்காரரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். தவிர, உயிர் பிழைத்தவர்கள் போலீஸிடம் "போட்டிருந்தேன்" என்றுதான் சொல்வார்கள், அபராதத்துக்குப் பயந்து. அதனால் பதிவில் பெல்ட்டின் பலன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். 2004ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒரே காருக்குள் இருந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தது. அதிலும் அபாயம் கூடுகிறது. ஆனால் ஐந்து மடங்கின் பக்கத்தில்கூட வரவில்லை, அதைவிட வெகுவாகக் குறைவு.

கட்டற்றவன்:
கேட்டீர்களா திசைமானி? ஐந்து மடங்கு போச்சு. இனி உங்கள் இழைத் தலைப்பை மாற்றுங்கள்.

திசைமானி:
எண்கணக்கு "அபாயம் கூடுகிறது" என்று எழுதிய வரியை மட்டும் உங்கள் கண் தாண்டிப் போய்விட்டது. கூடுகிறது! எவ்வளவு என்பதில்தான் பேச்சு. கூடினால் அது அடுத்தவர் உயிர். உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது.

கணக்கே போட்டுத் தருகிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 70 கிலோ ஆள், முன் சீட்டில் மோதி 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், சராசரி விசை அவர் எடையைப்போல் 30 மடங்குக்கு மேல். இரண்டு டன்னைத் தாண்டுகிறது. முன் சீட்டின் முதுகுச் சட்டம் வளைந்துவிடும். அதைத் தாங்குவது முன்னால் இருப்பவரின் முதுகெலும்பு.

கட்டற்றவன்:
முதலில் ஐந்து மடங்கு. இப்போது 30 மடங்கு. நாளைக்கு நூறு மடங்கா? ஒரு எண்ணில் நில்லுங்கள்.

எண்கணக்கு:
இரண்டும் வேறு வேறு. ஒன்று இறப்பு அபாயம், இன்னொன்று விசை.

கட்டற்றவன்:
எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஐந்து மடங்கு சரியா தவறா, அதைச் சொல்லுங்கள்.

மழைத்துளி:
எல்லோரும் எண்ணிலேயே நிற்கிறீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் அக்கா முன் சீட்டில் இருந்தாள், பெல்ட் போட்டிருந்தாள். பின்னால் எங்கள் மாமா, நல்ல தூக்கம், பெல்ட் இல்லை. எதிரே வந்த வண்டியோடு மோதியதும் மாமா சீட்டோடு சேர்த்து அவளை முன்னால் தள்ளிவிட்டார். அவளுக்கு இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. ஏழு மாதம் படுக்கை. மாமாவுக்குத் தோள்பட்டை மட்டும்தான் இறங்கியது. அவர் இன்றைக்கும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். கெட்டவர் இல்லை. பின்னால் இருந்தால் பாதுகாப்பு என்று நம்பினார், அவ்வளவுதான்.

கட்டற்றவன்:
உங்கள் அக்காவுக்கு நடந்ததற்கு உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் ஒரு குடும்பத்தில் நடந்ததை வைத்து ஐந்து மடங்கை நிரூபிக்க முடியாது. ஓட்டுனர் கவனமாக ஓட்டியிருந்தால் மோதலே நடந்திருக்காது. பொறுப்பு ஓட்டுனருடையது.

திசைமானி:
முந்தாநாள் "என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு". இன்றைக்கு "பொறுப்பு ஓட்டுநருடையது". இரண்டு நாளில் பொறுப்பு பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்குப் போய்விட்டது. அப்புறம், அது ஓட்டுனர் இல்லை, ஓட்டுநர்.

கட்டற்றவன்:
வாதம் தீர்ந்தால் எழுத்துப்பிழைக்கு வருவது உங்கள் வழக்கம். பத்திரிகைகள்கூட ஓட்டுனர் என்று எழுதுகின்றன.

பழையசாவி:
பத்திரிகை எழுதினால் சரியாகிவிடுமா? ஓட்டு, நர். இயக்குநர், அனுப்புநர், பெறுநர் எல்லாம் அப்படித்தான். உறுப்பினர் வேறு: உறுப்பு, இனர். இரண்டையும் குழப்பியதால் வந்த வினை இது.

கட்டற்றவன்:
இது பெல்ட் பற்றிய இழையா, இலக்கண வகுப்பா?

பழையசாவி:
இரண்டும் ஒன்றுதான். சின்ன விஷயம் என்று விடுகிறவர் பெரிய விஷயத்திலும் விடுவார்.

தனிவழி:
ஒரு கேள்வி. "பொறுப்பு" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். தவறு நடந்தால் விளைவை ஏற்பதா, தவறு நடக்காமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதா? இதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசினால் என்ன?

கட்டற்றவன்:
சரி, ஒரு பெரிய உதாரணம் தருகிறேன். 1997 பாரிஸ் விபத்தில் இளவரசி டயானா பின் சீட்டில் இருந்தார். முன்னால் இருந்த மெய்க்காப்பாளர் மட்டும் பெல்ட் போட்டிருந்தார், பிழைத்தார். பின்னால் பெல்ட் போடாதவர்கள் இறந்தார்கள். அதாவது போட்டவர் பிழைத்தார், போடாதவர் செத்தார். அவரவர் முடிவு, அவரவர் விளைவு. நான் சொல்வதும் அதுதான்.

திசைமானி:
தவறு. அந்த மெய்க்காப்பாளரும் பெல்ட் போடவில்லை. பிரிட்டன் போலீஸ் விசாரணை அறிக்கை 2006ல் வெளிவந்தது. மோதிய நேரத்தில் நான்கு பேரில் ஒருவர்கூடப் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்பது அதன் முடிவு. முன்னால் காற்றுப்பை விரிந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு அது இல்லை. வதந்தியைக் கொண்டுவந்து எனக்கு உதாரணம் காட்டாதீர்கள்.

கட்டற்றவன்:
எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்.

திசைமானி:
எல்லோரும் எழுதியது தப்பு. டயர் இழையிலும் இதேதான் செய்தீர்கள். சூடான டயரில் காற்றழுத்தம் அளக்கச் சொன்னீர்கள். வண்டி சில மணி நேரம் நின்று டயர் ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும், தயாரிப்பாளர் கொடுக்கிற அளவு அதற்குத்தான் என்று நான் எழுதினேன். மூன்று பக்கம் சண்டை போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனீர்கள். நான் மறக்கவில்லை.

கட்டற்றவன்:
டயரை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த இழையில் நான் வேலையாக இருந்தேன், பதில் எழுத நேரம் இல்லை. பயந்து ஓடவில்லை.

பழுதுபார்ப்பவன்:
கார் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. எங்களிடம் வரும் கார்களில் பாதிக்கு மேல் பின் சீட்டில் பெல்ட்டைப் பூட்டும் பக்கிளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். சீட் உறையை அதன் மேலேயே இழுத்து மாட்டியிருப்பார்கள். இன்னும் சிலர் பெல்ட் போடச் சொல்லி அடிக்கும் பீப் சத்தம் தொல்லை என்று, பெல்ட் இல்லாத வெறும் உலோக நாக்கை மட்டும் வாங்கிப் பக்கிளில் செருகி வைக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வந்து "என் பொறுப்பு" என்று பேசலாம். பெரிய மோதலில் ஒரு முறை பாரம் தாங்கிய பெல்ட்டை மாற்ற வேண்டும் என்றால் "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். பின் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் பாட்டில், கனமான பெட்டி. அதுவும் அதே 50ல்தான் பறந்து வரும்.

கட்டற்றவன்:
அப்படியானால் பாட்டிலுக்கும் பெல்ட் போடுங்கள். எங்கேதான் முடியும் இது?

பழுதுபார்ப்பவன்:
பாட்டிலைக் கதவுப் பையில் வைத்தால் போதும். கோபம் எதற்கு?

கட்டற்றவன்:
கோபம் இல்லை. அடிப்படையைச் சொல்கிறேன். 1975ல் சாம் பெல்ட்ஸ்மன் என்ற பொருளியலாளர் சொன்னார்: பாதுகாப்புச் சாதனம் கூடினால் ஓட்டுகிறவர் துணிச்சலும் கூடும், கிடைத்த நன்மை அதிலேயே கரைந்துவிடும். மனிதனைப் பொறுப்பானவனாக நடத்தினால் பொறுப்பாக இருப்பான். கட்டிப்போட்டால் அலட்சியம்தான் வரும்.

திசைமானி:
பெல்ட்ஸ்மன் சொன்னது ஸ்டீயரிங் பிடித்திருப்பவரைப் பற்றி. பின் சீட்டில் தூங்குகிறவர் எந்த ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்? அவர் பெல்ட் போட்டால் யார் வேகம் கூடும்? யோசித்துத்தான் எழுதுகிறீர்களா, இல்லை கிடைத்த பெயரை எல்லாம் எடுத்து வீசுகிறீர்களா?

கணிதமேதை ஜான் நாஷும் மனைவியும் 2015ல் டாக்ஸியில் போகும்போது விபத்தில் இறந்தார்கள். பெல்ட் போட்டிருந்ததாகத் தெரியவில்லை என்றுதான் போலீஸ் சொன்னது. இருவரும் காருக்கு வெளியே வீசப்பட்டார்கள். ஒருவர் முடிவு அடுத்தவர் முடிவைப் பொறுத்து எப்படி மாறும் என்று கணக்கிடுகிற ஆட்டக் கோட்பாட்டுக்கு நோபல் வாங்கிய மனிதர். அறிவு இருக்கிறவன் தானாகப் போட்டுக்கொள்வான் என்பதெல்லாம் நடப்பதில்லை. டாக்ஸி என்றால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம். அதனால்தான் ஓட்டுநர் கேட்க வேண்டும், பீப் அடிக்க வேண்டும், சட்டம் இருக்க வேண்டும்.

கட்டற்றவன்:
அவர்கள் யார் முதுகில் விழுந்தார்கள்? வெளியேதானே விழுந்தார்கள்? நீங்கள் கொடுத்த உதாரணமே என் பக்கம் பேசுகிறது.

மழைத்துளி:
இறந்தவர்களை வைத்துப் புள்ளி எண்ணாதீர்கள், தயவுசெய்து.

திசைமானி:
சரி, நாஷ் வேண்டாம். ஒரே கேள்வி. நீங்கள் முன் சீட்டில். உங்கள் பின்னால் 90 கிலோ ஆள், பெல்ட் இல்லை. வண்டி 100ல் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு, அது உங்களுக்கே தெரியும். அவர் "என் உயிர், என் பொறுப்பு" என்கிறார். பேசாமல் உட்கார்ந்திருப்பீர்களா?

கட்டற்றவன்:
நான் எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவேன்.

திசைமானி:
அது பதில் இல்லை.

கட்டற்றவன்:
ஐந்து மடங்கை விட்டு ஏன் நகர்கிறீர்கள்? ஆரம்பித்தது நீங்கள். "ஏறக்குறைய ஐந்து மடங்கு" என்று முதல் பதிவில் இருக்கிறது. எண்கணக்கு அதை உடைத்துவிட்டார். திரும்பப் பெறுங்கள், நான் உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

எண்கணக்கு:
நான் உடைக்கவில்லை. ஒரு ஆய்வு ஐந்தின் அருகே சொன்னது, இன்னொன்று மிகவும் குறைவாகச் சொன்னது, இரண்டும் கூடுகிறது என்றன. என்னை இதில் சாட்சியாக இழுக்க வேண்டாம்.

திசைமானி:
திரும்பப் பெற மாட்டேன். ஆய்வு சொன்னதைச் சொன்னேன். பின்னால் இருக்கும் என் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் போட்ட பிறகுதான் நான் சாவியைத் திருப்புவேன். அம்மா முதல் ஆறு மாதம் திட்டினாள். இப்போது அவளே எல்லோரையும் அதட்டுகிறாள். மாமாவோ சித்தப்பாவோ, மாட்டாமல் என் வண்டி நகராது. இதனால் இரண்டு பேர் என் வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டார்கள், பரவாயில்லை.

பழையசாவி:
திருப்புவேன், நகராது, எல்லாம் சரி. ஆனால் நீங்கள் பழைய இழைகளில் ஓட்டுனர் என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

திசைமானி:
எந்த இழையில்? காட்டுங்கள்.

கட்டற்றவன்:
டயர் இழையில். இரண்டாம் பக்கம். நானே பார்த்தேன்.

திசைமானி:
இதைத் தேடிப் பார்க்க நேரம் இருக்கிறது, என் கேள்விக்குப் பதில் எழுத நேரம் இல்லை. மறுபடியும் கேட்கிறேன்: முன் சீட்டில் நீங்கள், பின்னால் பெல்ட் போடாத ஆள். உட்காருவீர்களா, மாட்டீர்களா?

கட்டற்றவன்:
முதலில் ஐந்து மடங்கு.