முற்றத்தில் சுண்டிய கடல்நீர்

காரைக்குடியிலிருந்து ஒருவர்:

ராஜஸ்தானின் தித்வானா உப்பு ஏரியில் குழாய் இறக்கி எடுத்த படிவுகளைக் கல்லூரி நாட்களில் பார்த்தேன். சாம்பல் நிறச் சேறு, இடையிடையே வெள்ளைக் கோடுகள், கீழே இறுகிய உப்பு. கடைசிப் பனியூழியில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்தபோது படிந்த உப்பு அது என்றார் பேராசிரியர். உப்பு என்றால் வறட்சி, அவ்வளவுதானே என்று எண்ணியபடி ஊர் திரும்பினேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது எங்கள் வீட்டு முற்றம். பங்குனி வெயிலில் அப்பத்தா வற்றல் காயவைத்திருந்தார். பக்கத்திலேயே ஒரு மங்குத் தாம்பாளத்தில், தொண்டியிலிருந்து கொண்டுவந்த கடல்நீரை ஊற்றி வைத்தேன். நீர் வெகுவாகச் சுண்டியதும் அடியில் மெல்லிய வெள்ளை ஊசிகள் தெரிந்தன. அப்பத்தா அவற்றை நல்ல தண்ணீரில் அலசி நாக்கில் வைத்தார். "இது உப்பில்லையே ராசா, கரிக்கவே இல்லை!"

அவர் சொன்னது முற்றிலும் சரி. அது ஜிப்சம் என்ற கனிமம். எளிதில் கரையாதது முதலில் படியும். முதலில் துளி சுண்ணாம்பு. நீர் ஐந்தில் ஒரு பங்காகும் வாக்கில் ஜிப்சம். பத்தில் ஒரு பங்கான பிறகே சோற்றுப்பு. கடைசியில் மிஞ்சும் நீர் மக்னீசியத்தால் கசக்கும். ஆகவே ஓர் அடுக்கில் எந்தக் கனிமம் இருக்கிறது என்பதே, ஏரி அன்று எவ்வளவு சுண்டியிருந்தது என்பதற்கான அளவுகோல். ஏரிக்கு ஏரி நீரின் சேர்மானம் மாறும் என்பதால் கனிமத்தை மட்டும் நம்புவதில்லை. ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன் உள்ள நீர் முந்திக்கொண்டு போகும், கனமானது தங்கும். அந்த விகிதத்தையும் சுண்ணாம்புப் படிவில் அளக்கிறார்கள்.

இதில் என்னை உலுக்கியது ராஜஸ்தானின் இன்னொரு உப்பு ஏரியான லூன்கரன்சர். 1999-இல் வெளியான ஆய்வின்படி அது ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன்பே வற்றிவிட்டது. ஹரப்பா நகரங்கள் செழிக்கத் தொடங்கியதோ ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன். அந்த ஏரி வற்றியதைக் காட்டி, ஹரப்பாவின் அழிவுக்கு அதே வறட்சிதான் காரணம் என்று மேடையில் முழங்குவோரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நகரங்கள் எழுந்ததே ஏரி வற்றிய பிறகுதான்!

தேவகோட்டையிலிருந்து இன்னொருவர்:

வேலை நிமித்தம் ஜோர்டானில் இருந்தபோது சாக்கடல் ஓரம் ஒரு வெட்டுக்கரையைப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக, தாள் கனத்தில் ஆயிரக்கணக்கான வரிகள். வெள்ளை வரி அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். கோடையில் நீரிலிருந்து படிந்தது. கறுப்பு வரி மழைக்கால வெள்ளம் அடித்து வந்த வண்டல். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. அரகோனைட் கிளிஞ்சலில் உள்ள அதே கனிமம் என்று உடன் வந்தவர் சொன்னதும், கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த எங்கள் வளவுச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. நகத்தை வைத்து எண்ணத் தொடங்கினேன். நாற்பது ஆண்டுகள் எண்ணியபோது பஸ் வந்துவிட்டது. என் உள்ளங்கை அகலம்கூட ஆகவில்லை.